ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஒயில்? எஞ்சின் தேய்மானம் பற்றி மட்டக்களப்பில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கல்லடியில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வருவது வான், முச்சக்கரவண்டி, சாதாரண கார்கள்தான். ஆனாலும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் வேகக் கார் வைத்திருக்கும் பொடியன்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இம்ப்ரெசா, எவோ, ஆர்எக்ஸ்-8, பழைய எம்3, ஜிடி86 என்று மாதத்துக்கு ஒன்றாவது வாசலில் வந்து நிற்கும். என்னிடமும் 2002ஆம் ஆண்டு இம்ப்ரெசா எஸ்டிஐ ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விசயம்தான்: எந்த ஒயில் ஊற்றினால் எஞ்சின் குறைவாகத் தேயும்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. நம்மிடம் இருக்கும் வேகக் கார்கள் அநேகமாகப் பழையவை, மாற்று எஞ்சின் தேடுவது பெரும்பாடு. அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுப்பதில்லை.

எஞ்சினுக்குள் தேய்மானம் எங்கே நடக்கிறது?

இது விளங்கினால் மற்றதெல்லாம் பாதி விளங்கிவிடும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் சாஃப்ட் சுழலும்போது அதற்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் நடுவில் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். ஓடத்தைத் தண்ணீர் தாங்குவதுபோல அந்தப் படலம் சாஃப்ட்டைத் தூக்கி வைத்திருக்கும். படலம் நிற்கும் வரைக்கும் இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. இந்த இடத்தைக் காப்பாற்றுவது ஒயிலின் தடிப்பு, அதுவும் கொதிக்கும் சூட்டில் மிஞ்சி நிற்கும் தடிப்பு.

கேம் சாஃப்டின் மூக்கு வால்வை அழுத்தும் இடத்திலும், பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்திலும் கதை வேறு. அங்கே அழுத்தம் கூடி, அல்லது வேகம் குறைந்து, படலம் கிழிந்துவிடும். உலோகங்கள் தொட்டுக்கொள்ளும். அப்போது காப்பாற்றுவது ஒயிலில் கலந்திருக்கும் இரசாயனம். அதில் முக்கியமானது சின்க்கும் பொஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ‘சின்க் டைதயோபொஸ்பேட்’. சூட்டிலும் உரசலிலும் அது சிதைந்து, ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு தடிப்பான கண்ணாடி போன்ற படையை உலோகத்தின் மேல் உண்டாக்கும். உரசலில் இரும்புக்குப் பதிலாக அந்தப் படைதான் தேயும். பிறகு மறுபடி உண்டாகும்.

ஆகவே “தேய்மானம்” என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அவை இரண்டு வேறு பிரச்சினைகள், இரண்டு வேறு காவல்கள். ஒன்றில் கெட்டிக்கார ஒயில் மற்றதில் சுமாராக இருக்கலாம்.

இணையத்தில் வரும் தேய்மானச் சோதனைப் பட்டியல்களை நம்பலாமா?

நிறையப் பேர் போனில் காட்டும் பட்டியல் இப்படி இருக்கும்: சுழலும் இரும்பு வளையம் ஒன்றின் மேல் இன்னொரு உலோகத்தை அழுத்தி, நடுவில் ஒயிலை விட்டு, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது, எவ்வளவு பெரிய தழும்பு விழுகிறது என்று அளப்பார்கள். மூன்று உருண்டைகளின் மேல் நான்காவது உருண்டையைச் சுழற்றும் சோதனையும் உண்டு. பிறகு ஒயில்களை முதலாமிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவார்கள்.

அந்த இயந்திரங்கள் பொய்யில்லை. கிறீஸ், கியர் ஒயில் போன்றவற்றுக்கு அவை பயனுள்ளவை. எஞ்சின் ஒயிலுக்கு அவை சொல்லும் பதில்தான் நம் கேள்விக்கான பதில் இல்லை. குளோரின் கலந்த சேர்க்கைப் பொருட்கள் இந்தச் சோதனையில் அபாரமாகத் தேறும். எஞ்சினுக்குள் அதே குளோரின் ஈரத்தோடும் சூட்டோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். டிஃபரென்சியலுக்கு ஊற்றும் கியர் ஒயிலும் பட்டியலில் மேலே வந்து நிற்கும். அதற்காக அதை எஞ்சினுக்கு ஊற்ற மாட்டோம்தானே. இந்தச் சோதனைகள் சில நிமிடத்திலோ ஒரு மணித்தியாலத்திலோ முடிந்துவிடும். எஞ்சினில் ஒயில் மாதக்கணக்காகச் சூடேறி, பெற்றோல் கலந்து, புகைக்கரி சேர்ந்து, அமிலம் தாங்கி நிற்க வேண்டும்.

ஒயிலுக்கு அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஏபிஐ தரம் கொடுக்கும்போது உண்மையான எஞ்சினை ஓட்டித்தான் சோதிக்கிறார்கள். நீண்ட காலம் நிசானின் 2.4 லீற்றர் கேஏ24இ எஞ்சினை 100 மணித்தியாலம் ஓட்டி, பிறகு கேம் மூக்குகளின் தேய்மானத்தை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளந்தார்கள். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் அந்த இடத்துக்கு டொயோட்டாவின் 1.5 லீற்றர் எஞ்சின் வந்தது. ஃபோர்டின் 2 லீற்றர் டேர்போ எஞ்சினில் டைமிங் செயின் எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கும் சோதனையும் சேர்ந்தது. ஆனால் இவையும் தேர்வு, தோல்வி என்று மட்டும்தான் சொல்லும். தேறிய இரண்டு ஒயிலில் எது மேல் என்று போத்தலில் எழுதியிருக்காது.

நம்ம வெயிலுக்கு 0டபிள்யூ தேவையா? அது குளிர்நாட்டு ஒயில் இல்லையா?

போத்தலில் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 என்று இருப்பதில், டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்ப் பரீட்சை பற்றியது. 0டபிள்யூ ஒயிலை பூச்சியத்துக்குக் கீழே 35 பாகையில் எஞ்சின் சுழலுமா என்று பார்ப்பார்கள், 5டபிள்யூவை 30இல், 10டபிள்யூவை 25இல். நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் விடியற்காலைகூட அதற்குக் கிட்டவும் வராது. மட்டக்களப்பில் கேள்வியே இல்லை.

அதனால் 0டபிள்யூ-40க்கும் 5டபிள்யூ-40க்கும் இங்கே குளிர் விசயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. அதேநேரம் 0டபிள்யூ என்றால் “தண்ணி ஒயில்” என்று பயப்படவும் வேண்டாம். சூடானபின் 40 என்றால் இரண்டும் 40தான்.

அப்ப இரண்டாவது எண்? 20, 30, 40, 50 என்று ஏற ஏறப் பாதுகாப்பா?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த எண் 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பைக் குறிக்கிறது. ஆனால் டேர்போ எஞ்சினை மிதித்து ஓட்டும்போது பெயாரிங்குக்குள் ஒயில் 100 பாகையோடு நிற்காது. அங்கே அது நசுக்கப்பட்டு, இழுபட்டு, இன்னும் சூடாகி, இன்னும் மெலியும். அந்த நிலைக்கென்றே ஓர் அளவு உண்டு. 150 பாகைச் சூட்டில், செக்கனுக்குப் பத்து லட்சம் என்ற இழுவிசை வேகத்தில் மிஞ்சும் தடிப்பு அது. எச்டிஎச்எஸ் என்பார்கள். இந்தத் தடிப்பு எண்களை வகுக்கும் எஸ்ஏஈ அமைப்பின் கணக்கில் 20க்கு இது குறைந்தது 2.6, 30க்கு 2.9, 0டபிள்யூ-40க்கும் 5டபிள்யூ-40க்கும் 3.5, 50க்கு 3.7. அலகு மில்லிபஸ்கல் செக்கன். இரண்டு ஒயிலை ஒப்பிட ஒரேயொரு எண்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன். நல்ல நிறுவனங்கள் இதைத் தங்கள் தொழில்நுட்பத் தாளில் போடுகின்றன. போர்ஷேயின் ஏ40, மெர்சிடிஸின் 229.5, பிஎம்டபிள்யூவின் லோங்லைஃப்-01 ஆகிய அங்கீகாரங்கள் மூன்றும் 3.5க்குக் குறையாமல் கேட்பவை. போத்தலின் பின்பக்கம் இவற்றில் ஒன்று “அங்கீகரிக்கப்பட்டது” என்று இருந்தால் எச்டிஎச்எஸ் எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

கார் கம்பனிகள் செய்வதைப் பார்த்தாலே பல விசயம் பிடிபடும். 2012 மஸ்டாங் ஜிடியின் 5 லீற்றர் எஞ்சினுக்கு ஃபோர்ட் சொன்னது 5டபிள்யூ-20. அதே குடும்பத்து 5 லீற்றர் எஞ்சினை ரேஸ் ஓட்டத்துக்கென்று தயாரித்து பொஸ் 302 காரில் போட்டபோது சொன்னது 5டபிள்யூ-50. கொர்வெட் ஏழாம் தலைமுறையில் வீதிக்கு 5டபிள்யூ-30, ரேஸ் பாதைக்குப் போவதென்றால் 15டபிள்யூ-50 ஊற்றிப் போய், பிறகு மாற்றிக்கொள் என்று கையேட்டிலேயே இருந்தது. 2019 மாடலில் இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40க்கு மாறினார்கள். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டர்ஸ் 6.2 லீற்றர் வி8 எஞ்சின் கொண்ட பெரிய எஸ்யூவிகளையும் பிக்கப்புகளையும் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கிராங்கிலும் கனெக்டிங் ரொட்டிலும் தயாரிப்புக் குறை இருந்தது. சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு அவர்கள் செய்த வேலை, 0டபிள்யூ-20ஐ எடுத்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றியதுதான்.

மெல்லிய ஒயிலின் பெரிய லாபம் எரிபொருள் மிச்சம். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற 2022ஐ நாம் மறக்கவில்லை, மிச்சம் நல்லதுதான். ஆனால் வேகக் கார்காரன் கேட்பது அதில்லை. உங்கள் கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட தடிப்பைத் தருகிறது என்றால், இந்தச் சூட்டில், பலமாக ஓட்டும் பழக்கத்தில், மேல் பக்கத்தை எடுங்கள் என்பது என் முடிவு.

அதற்காக எல்லையில்லாமல் ஏற முடியாது. தடித்த ஒயில் குறுகிய துளைகளுக்குள் மெதுவாகப் போகும். உள்ளுக்குள் உரசித் தானும் சூடாகும். வால்வு நேரத்தை மாற்றும் பொறிமுறை ஒயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. தடிப்பு அளவு மீறினால் அது பிந்தும், செக் எஞ்சின் லைட்டும் எரியலாம். கையேட்டுக்கு ஒரு படி மேலே போவது யோசித்துச் செய்யக்கூடியது. 0டபிள்யூ-20 கேட்கும் காருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது யோசிக்காமல் செய்வது.

எம்3க்கு 10டபிள்யூ-60 ஊற்றுகிறார்களே, எனக்கும் ஊற்றலாமா?

வேண்டாம். நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை போகும் ஈ46 தலைமுறை எம்3 எஞ்சினை பிஎம்டபிள்யூ அந்த ஒயிலை வைத்துத்தான் ஒப்பேற்றியது. ஹொண்டா எஸ்2000 முதலில் வந்தபோது 9,000 வரை போனது, அதற்குக் கேட்டதோ 10டபிள்யூ-30. சுழற்சி கூடியது என்பதற்காகத் தடிப்பும் கூட வேண்டும் என்று விதி கிடையாது. பெயாரிங்கின் இடைவெளி, ஒயில் பம்பின் அளவு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

சின்க் கூடின ஒயில் வாங்கச் சொல்கிறார்கள். எவ்வளவு கூட இருக்க வேண்டும்?

புகையைச் சுத்திகரிக்கும் கேற்றலிற்றிக் கொன்வேட்டரைப் பொஸ்பரஸ் கெடுக்கும் என்பதால் 30உம் அதற்குக் கீழும் உள்ள புதிய பெற்றோல் ஒயில்களில் அதன் அளவை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கேம் தேயக்கூடாது என்பதற்காக 0.06க்குக் கீழேயும் விட மாட்டார்கள். 40, 50 தடிப்புகளுக்கு ஏபிஐ அந்த மேல் எல்லையை வைக்கவில்லை.

ரோலர் உள்ள, ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட நவீன கேமுக்கு 0.08 போதும். பழைய, கேம் மூக்கு நேராக உரசும் தட்டையான டெப்பெட்டும் இறுக்கமான ஸ்பிரிங்கும் உள்ள எஞ்சினுக்குக் கொஞ்சம் கூட இருப்பது நல்லது. ஆனால் கூடக்கூட நல்லது என்று நேர்கோட்டில் போகாது. அளவு மிஞ்சினால் அதே இரசாயனம் கேமின் மேற்பரப்பை அரித்துச் செதிலாகக் கழற்றும். நானாகச் சின்க் போத்தல் வாங்கி ஊற்றச் சொல்ல மாட்டேன்.

நெல் வெட்டுற மெஷினுக்கு ஊத்துற 15டபிள்யூ-40 டீசல் ஒயில் வீட்டில் பரல் கணக்கில் கிடக்கு. அதை ஊற்றினால் என்ன?

அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர் கேட்டது இது. நியாயமான கேள்வி, ஏனென்றால் அந்த ஒயில் கெட்ட ஒயில் இல்லை. சூட்டில் தடிப்பு நிற்கும், சின்க்கும் தாராளமாக இருக்கும். பழைய, சிலிண்டருக்கு வெளியே மனிஃபோல்டில் பெற்றோல் தெளிக்கும் எஞ்சினுக்கு அவசரத்தில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது.

பிரச்சினை சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெற்றோல் தெளிக்கும் புதிய டேர்போ எஞ்சின்களில்தான். குறைந்த சுழற்சியில் கனமாக மிதிக்கும்போது, பிளக் பொறி போடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிவிடும். ஒரே அடியில் பிஸ்டன் வெடிக்கக்கூட இடமுண்டு. ஒயிலில் கல்சியம் வகைச் சுத்திகரிப்புப் பொருள் கூடினால் இந்த ஆபத்தும் கூடும் என்று கண்டுபிடித்துத்தான் 2018இல் எஸ்என் பிளஸ், பிறகு எஸ்பி தரம் கொண்டு வந்தார்கள். டீசல் ஒயிலில் கல்சியம் நிறைய இருப்பது வழக்கம். அந்த வகைக் கார் வைத்திருப்பவர் பரலை மெஷினுக்கே விட்டுவிடுங்கள்.

முழு சிந்தெற்றிக் என்று போட்டிருந்தால் போதுமா?

அந்தச் சொல்லுக்கு இப்போது இறுக்கமான பொருள் இல்லை. முன்பு அது ஆய்வுகூடத்தில் கட்டியெழுப்பிய அடிப்படை எண்ணெய்களை மட்டும் குறித்தது. 1999இல் அமெரிக்காவில் மொபில், கஸ்ற்றோல் இரண்டுக்கும் நடுவே நடந்த விளம்பரத் தகராறு தீர்ந்த பிறகு, கச்சா எண்ணெயிலிருந்து மிக ஆழமாகச் சுத்திகரித்தெடுக்கும் மூன்றாம் பிரிவு எண்ணெயையும் அப்படி அழைக்கலாம் என்றாகிவிட்டது. அந்த மூன்றாம் பிரிவு எண்ணெய்களும் நன்றாகத்தான் உழைக்கின்றன. எனவே சொல்லைப் பார்க்காமல் அங்கீகாரத்தைப் பாருங்கள். டேர்போ உள்ள காருக்குச் சாதாரண மினரல் ஒயில் வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். சூடான டேர்போவை நிறுத்தியதும் உள்ளே நிற்கும் ஒயில் கருகி, சிறிய வழிகளை அடைக்கும். சில இம்ப்ரெசா டேர்போக்களில் ஒயில் போகும் போல்டுக்குள் மெல்லிய வலை ஒன்று இருக்கிறது. அது கரியால் அடைபட்டு டேர்போ காய்ந்துபோன கதைகள் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

சரி, பட்டியலையும் நம்பக்கூடாது, போத்தலும் முழுக்கச் சொல்லாது. இரண்டு ஒயிலை எப்படித்தான் ஒப்பிடுவது?

உங்கள் எஞ்சினிலேயே ஒப்பிடுங்கள். பாவித்த ஒயிலைச் சோதனைக்குக் கொடுப்பது அதற்கு நல்ல வழி. மின்பிறப்பாக்கி, கப்பல் எஞ்சின்களுக்கு இது சாதாரண விசயம். கார்காரர்தான் நினைப்பதில்லை. ஒயில் விற்கும் பெரிய நிறுவனங்கள் சிலவும் தங்கள் வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது வடியுங்கள். முதலில் வருவதையும் கடைசியில் சொட்டுவதையும் விட்டு, நடுவில் ஓடுவதைச் சுத்தமான, காய்ந்த போத்தலில் பிடியுங்கள். வரும் அறிக்கையில் உலோகங்கள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று இருக்கும். இரும்பு சிலிண்டர், கேம், செயின் பக்கத்துச் செய்தி. செம்பும் ஈயமும் தகரமும் பெயாரிங். அலுமினியம் அநேகமாகப் பிஸ்டன். குரோமியம் ரிங். சிலிக்கன் மண் தூசி, அல்லது புதிதாகப் பூசிய சிலிக்கோன் கம். சோடியம், பொட்டாசியம் திடீரென ஏறினால் கூலன்ட் கலக்கிறதா என்று பாருங்கள்.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, இரண்டு அறிக்கையின் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஓர் ஒயில் 5,000 கிலோமீற்றர் ஓடி இரும்பு 20 காட்டுகிறது, மற்றது 2,500 ஓடி 15 காட்டுகிறது என்று வையுங்கள். 15தான் நல்லது போலத் தெரியும். ஆயிரம் கிலோமீற்றருக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 4, இரண்டாவது 6. அது மட்டுமில்லை. நடுவில் ஒரு லீற்றர் மேலே ஊற்றியிருந்தால் எண் நீர்த்துப்போயிருக்கும், அதையும் எழுதி வைக்க வேண்டும். ஒருமுறை செங்கலடி, மகா ஓயா, பிபிலை, பதுளை என்று ஏறி நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு ஓடிய ஒயிலையும், மறுமுறை கடற்கரை வீதியில் சும்மா ஓடிய ஒயிலையும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வீதியைத்தான், ஒயிலை அல்ல.

ஒயில் பெயரை மாற்றியவுடன் வரும் முதல் அறிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எவ்வளவு வடித்தாலும் பழையது கொஞ்சம் உள்ளே நிற்கும். புதிய ஒயிலின் இரசாயனம் பழைய படைகளைக் கழுவும்போது செம்பு சில வேளை ஏறும், அது தேய்மானமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒயிலில் மூன்று தடவை ஓடுங்கள், பிறகு மற்றதில் மூன்று தடவை. பொறுமை வேண்டும். நல்ல தரமான இரண்டு ஒயில்களை இப்படி ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதுவும் ஒரு பதில்தான், இனி விலை பார்த்து நிம்மதியாக வாங்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் இருக்கிறது. ஏறத்தாழ 5 முதல் 8 மைக்ரோன் வரையான துகளைத்தான் அந்தக் கருவி நன்றாகக் காணும். பெயாரிங் செதிலாகக் கழன்றால் துகள் அதைவிடப் பெரியது. அறிக்கை சுத்தமாக வரும், எஞ்சின் செத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பில்டரை வெட்டி, கடதாசி மடிப்பை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுங்கினால் வண்டியை ஓட்டாதீர்கள். இதற்குக் காசும் செலவில்லை. அறிக்கையைவிட முதலில் நான் செய்வது இதைத்தான்.

நல்ல ஒயில்தான் ஊற்றினேன். ஆனாலும் இரும்பும் சிலிக்கனும் கூடக் காட்டுகிறது. ஏன்?

ஒயிலை விட்டுவிட்டு எயார் பில்டரைப் பாருங்கள். படுவான்கரைப் பக்கம் அறுவடை நடக்கும் மாதங்களில் வீதியில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், பதரும் தூசியும் காரை மூடிவிடும். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கிரவல் வீதியிலும் அதே நிலைமை. மண் தூசி இரும்பைவிடக் கடினம். உள்ளே போனால் ரிங்கையும் சிலிண்டரையும் சாணைக்கல்போலத் தேய்க்கும். எந்த ஒயிலும் அதைத் தடுக்காது. எண்ணெய் பூசிய துணி வகை ‘ஸ்போர்ட்ஸ்’ பில்டர்களைப் பலர் பெருமையாக மாட்டுகிறார்கள். நம் வீதிகளுக்கு நான் கம்பனிக் கடதாசிப் பில்டரைத்தான் சொல்வேன். பில்டருக்குப் பின்னால் டேர்போ வரைக்கும் போகும் இறப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போலி ஒயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கே நடந்தது. கையில் இருந்தது தீர்ந்துபோய், போட்டிக்கு முதல்நாள் அவசரத்தில் பழக்கமில்லாத கடையொன்றில் நாலு லீற்றர் கேன் வாங்கினேன். மூடி, முத்திரை, நிறம் எல்லாம் சரி. ஊற்றி ஓடி முந்நூறு கிலோமீற்றர் தாண்டவில்லை, சூடானபின் சும்மா நிற்கையில் ஒயில் அழுத்த முள் வழக்கமான இடத்துக்குக் கீழே வந்து நின்றது. என் காரில் அந்த முள் எங்கே நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். போட்டிக்குப் போகவில்லை. அன்றிரவே வடித்தேன், தண்ணீர்போல ஓடியது. பில்டரில் இரண்டு மூன்று மினுக்கம். அடுத்த இரண்டு மாற்றத்திலும் பில்டர் சுத்தமாக வரும்வரை எனக்கு நித்திரை சரியில்லை.

கையில் தேய்த்துப் பார்த்தோ மணந்து பார்த்தோ யாரும் கண்டுபிடிக்க முடியாது, செய்வதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். இலங்கையில் உராய்வுநீக்கி எண்ணெய்ச் சந்தையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மேற்பார்வை செய்கிறது. அனுமதி பெற்ற இறக்குமதியாளரின் பெயர் கேனில் இருக்க வேண்டும். அவருடைய முகவரிடம் பில்லோடு வாங்குங்கள். கேனின் தொகுதி எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வெறும் கேனைக் குப்பையில் போடுவதற்கு முன் லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போடுங்கள். நல்ல கேன்கள்தான் மறுபடி நிரம்பி வருகின்றன. அப்புறம், ஒரு ஒயில் அழுத்த மானி பூட்டுங்கள். விலைகூடிய ஒயிலைவிட அது உங்கள் எஞ்சினைக் காப்பாற்றும்.

ஒயிலோடு சேர்த்து ஊற்றும் ‘தேய்மானம் தடுக்கும்’ திரவங்கள்?

தேவையில்லை. அப்படியான ஒன்றின் விளம்பரத்துக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே 1990களில் நடவடிக்கை எடுத்தது. நல்ல ஒயிலில் சேர்க்கைப் பொருட்கள் ஒன்றுக்கொன்று எடை பார்த்துக் கலக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் வேறொன்றைக் கொட்டினால் அந்தக் கணக்குக் குழம்பும்.

கார் அதிகம் ஓடுவதில்லை. ஒயிலை எப்போது மாற்றுவது?

5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. மட்டக்களப்பு நகரத்துக்குள் ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் ஓடும் கார் நெடுந்தூரம் ஓடும் காரைவிட ஒயிலைக் கெடுக்கும். ஒயில் முழுதாகச் சூடாகாததால் அதில் கலந்த பெற்றோலும் ஈரமும் ஆவியாகிப் போகாது. நேரடித் தெளிப்பு எஞ்சின்களில் பெற்றோல் கலந்து 40 ஒயில் 30 ஆவது சாதாரணம். மாரி மழைக் காலத்தில் மூடியின் உள்பக்கம் வெள்ளைச் சளிபோலப் படிந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். கூலன்ட் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கிழமைக்கு ஒருமுறை வாழைச்சேனை வரைக்கோ கல்முனை வரைக்கோ ஒரே ஓட்டமாக ஓடி வாருங்கள்.

ஆர்எக்ஸ்-8க்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். ரோட்டரி எஞ்சின் சீல்களை நனைக்க ஒயிலைத் தானே உள்ளே தெளித்து எரிக்கும், அது பழுதல்ல. ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் டிப்ஸ்டிக் பாருங்கள். மேலே ஊற்றுவதால் உலோக எண்கள் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணியவுடன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

அரை நிமிடம், பிறகு மெதுவாக எடுங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட விடுவதில் பெற்றோல்தான் ஒயிலில் கலக்கும். தண்ணீர் முள் நடுவுக்கு வந்ததும் ஒயில் சூடாகிவிட்டது என்று நினைப்பது பிழை, ஒயில் பிந்தித்தான் சூடாகும். நம் ஊர்க் காலைச் சூட்டில்கூட 5டபிள்யூ-30 ஒயில், 100 பாகையில் இருப்பதைவிடப் பத்து மடங்கு அளவுக்குத் தடிப்பாக இருக்கும். கல்லடியில் எடுத்தால் ஆரையம்பதி தாண்டும் வரைக்கும் நான் 3,000 சுழற்சிக்கு மேலே போவதில்லை.

நீங்கள் உங்கள் காருக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?

ஏ40 அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-40. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் அந்தப் பெயரைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். அதே அங்கீகாரம் உள்ள வேறொன்று கடையில் கிடைத்தால் அதையும் ஊற்றியிருக்கிறேன், பில்டரில் வித்தியாசம் காணவில்லை.

வடித்த ஒயிலை என்ன செய்வது?

வாவிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வேலிக் கட்டைக்கும் பூசாதீர்கள். எஞ்சினில் தேய்ந்த உலோகம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. கராஜில் பரல் வைத்திருக்கிறேன், நிரம்பியதும் சேகரிக்கிறவர்கள் வந்து எடுப்பார்கள். மூடி இறுகிய கேனில், தண்ணீர் கலக்காமல் கொண்டு வாருங்கள். பழைய பில்டரையும் கொண்டு வந்தால் இருவருமாக வெட்டிப் பார்க்கலாம்.